பெயரில் 4, உள்ளே 2: இரண்டு மலிவு கிராஃபிக்ஸ் கார்டுகளின் கதை

(பாட்காஸ்ட் எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோடில் ரெண்டு பழைய கிராஃபிக்ஸ் கார்டுகளை ஒப்பிடப் போகிறேன். ரெண்டுமே 2002-ல் வந்தவை. ரெண்டுமே மலிவு வரிசை. ஒன்று என்விடியாவின் ஜிஃபோர்ஸ்4 எம்எக்ஸ் 440. இன்னொன்று ஏடிஐ கம்பெனியின் ரேடியான் 9000.

"இருபது வருஷத்துக்கு மேல ஆன கார்டை இப்ப எதுக்கு ஒப்பிடணும்?"னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். இன்றைக்கு வந்த ரெண்டு கார்டை ஒப்பிட்டால் எது இன்றைக்கு வேகம் என்று மட்டும்தான் சொல்ல முடியும். அடுத்த மூணு வருஷத்தில் எது கைகொடுக்கும், எது காலை வாரும் என்று தெரியாது. பழைய கார்டுகளில் அந்தக் கதை முடிந்துவிட்டது. பெட்டியில் என்ன எழுதியிருந்தது, வாங்கியவருக்கு என்ன கிடைத்தது, ரெண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை நிதானமாக அளந்து பார்க்கலாம். அந்த இடைவெளி இன்றைக்கும் அடையவில்லை. அதைக் கடைசியில் பார்ப்போம்.

எம்எக்ஸ் என்ற பெயருக்கு எங்கிருந்து மரியாதை வந்தது?

கொஞ்சம் பின்னால் போவோம். 1999-ல் என்விடியா ஜிஃபோர்ஸ் 256 என்ற கார்டை வெளியிட்டது. "உலகின் முதல் ஜிபியு" என்று விளம்பரம் செய்தார்கள். அதில் நிஜமாகவே ஒரு புது விஷயம் இருந்தது. ஒரு 3டி உருவத்தின் முனைகள் திரையில் எங்கே வர வேண்டும், அதன் மேல் வெளிச்சம் எப்படி விழ வேண்டும் என்ற கணக்கை வீட்டுக் கம்ப்யூட்டர்களில் அதுவரை பெரும்பாலும் சிபியுதான் போட்டுக்கொண்டிருந்தது. அந்த வேலையைக் கார்டே எடுத்துக்கொண்டது.

அடுத்த வருஷம், 2000-ல், ஜிஃபோர்ஸ்2 வந்தது. அதற்கு ஜிஃபோர்ஸ்2 எம்எக்ஸ் என்று ஒரு தம்பி. அண்ணன் ஒரே நேரத்தில் நாலு பிக்சல் வரைந்தால் தம்பி ரெண்டு பிக்சல் வரைவான். வேகம் குறைவு, விலையும் குறைவு. ஆனால் அண்ணனுக்குத் தெரிந்த வித்தையெல்லாம் தம்பிக்கும் தெரியும். சொல்லப்போனால் ரெண்டு மானிட்டர் இணைக்கும் வசதி தம்பியிடம்தான் இருந்தது. அந்தக் கார்டு நன்றாக விற்றது. விற்க வேண்டிய கார்டுதான்.

இப்படித்தான் எம்எக்ஸ் என்ற ரெண்டு எழுத்துக்கு மக்கள் மனதில் ஒரு பொருள் உருவானது: அதே தலைமுறை, கொஞ்சம் மெதுவாக ஓடும், விலை கையைக் கடிக்காது. காசு குறைவாக வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு என்ன வேணும்?

முறுக்கு அச்சும் சமையல்காரரும்

2001-ல் ஜிஃபோர்ஸ்3 வந்தது. இங்கேதான் கிராஃபிக்ஸ் வரலாற்றில் ஒரு பெரிய திருப்பம். அதைப் புரிந்துகொள்ள நம்ம வீட்டு முறுக்கு அச்சை எடுத்துக்கோங்க.

முறுக்கு அச்சோடு நாலைந்து தட்டுகள் வரும். ஒன்றில் தேன்குழல், ஒன்றில் ஓமப்பொடி, ஒன்றில் ரிப்பன் பக்கோடா. தட்டை மாற்றலாம், மாவை மாற்றலாம். ஆனால் தட்டில் இல்லாத வடிவம் உங்களுக்குக் கிடைக்காது. ஜிஃபோர்ஸ்2 வரைக்கும் கார்டுகள் இப்படித்தான் வேலை செய்தன. வெளிச்சம் இப்படி விழும், பனிமூட்டம் இப்படி இருக்கும் என்று சில வழிமுறைகள் சிப்பிலேயே பதிந்திருக்கும். கேம் எழுதுகிறவர் அதற்குள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஜிஃபோர்ஸ்3-ல் ஷேடர் என்ற வசதி வந்தது. ஒவ்வொரு பிக்சலுக்கும் என்ன நிறம் கொடுக்க வேண்டும் என்று கேம் எழுதுகிறவரே ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கார்டிடம் கொடுக்கலாம். தண்ணீரில் அலை நெளிய வேண்டுமா, ஈரச் சுவரில் விளக்கு மின்ன வேண்டுமா, அதற்கான குறிப்பை எழுதினால் போதும். அச்சின் இடத்தில் ஒரு சமையல்காரர் வந்து உட்கார்ந்த மாதிரி. ஆரம்பத்தில் அவர் கையில் கொடுக்கக்கூடிய குறிப்பு ரொம்பச் சின்னதுதான். ஆனாலும் கதவு திறந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட்டின் டைரக்ட்எக்ஸ் 8 இந்த வசதிக்குப் பொதுவான இலக்கணம் கொடுத்தது. இன்று நீங்க விளையாடும் எந்தக் கேமும் ஷேடர் இல்லாமல் ஒரு படம்கூட வரையாது.

2002 பிப்ரவரி: ஒரே பெயர், ரெண்டு குடும்பம்

இப்ப நம்ம கதாநாயகனுக்கு வருவோம். 2002 பிப்ரவரியில் என்விடியா ஜிஃபோர்ஸ்4 வரிசையை அறிவித்தது. அதில் ரெண்டு கிளை: விலை கூடிய டிஐ, விலை குறைந்த எம்எக்ஸ்.

ஜிஃபோர்ஸ்4 டிஐ நேராக ஜிஃபோர்ஸ்3-ன் வாரிசு. ஷேடர் உண்டு. ஜிஃபோர்ஸ்4 எம்எக்ஸ் ஜிஃபோர்ஸ்2 குடும்பத்தின் வாரிசு. பிக்சல் ஷேடர் கிடையாது. அதாவது 4 என்று பெயர் வைத்த கார்டால் 3 என்று பெயர் வைத்த கார்டு செய்வதைச் செய்ய முடியாது. டைரக்ட்எக்ஸ் கணக்கில் சொன்னால் அது 7-ஆம் தலைமுறை.

கார்டு மோசமா என்றால், இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். மெமரியைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் நுட்பத்தை டிஐ கார்டிலிருந்து எடுத்து எம்எக்ஸுக்கும் கொடுத்தார்கள். ரெண்டு மானிட்டர் வசதி மேம்பட்டது. டிவிடி படம் பார்க்கும்போது சிபியுவின் சுமையைக் கார்டு பகிர்ந்துகொண்டது. குவேக் 3, கவுண்டர் ஸ்ட்ரைக் மாதிரி அன்று எல்லோரும் ஆடிய கேம்கள் ஷேடரைக் கேட்காதவை. அவற்றில் எம்எக்ஸ் 440 சுறுசுறுப்பாகவே ஓடியது. இதற்கு "ஜிஃபோர்ஸ்2 அல்ட்ரா பிளஸ்" மாதிரி ஏதாவது பெயர் வைத்திருந்தால் ஒருத்தரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். பெயரில்தான் பிரச்சினை.

அந்தப் பிரச்சினையை உடனே எழுதியவர்களில் ஒருவர் ஜான் கார்மாக். டூம், குவேக் கேம்களின் எஞ்சினை எழுதியவர். அப்போது டூம் 3-ஐ உருவாக்கிக்கொண்டிருந்தார். அறிவிப்பு வந்த அதே மாதம், என்விடியா பெயர் வைப்பதில் குழப்படி செய்துவிட்டது, டூமுக்காக ஜிஃபோர்ஸ்4 எம்எக்ஸ் வாங்காதீர்கள் என்ற பொருளில் பொதுவெளியில் எழுதினார். என்விடியாவோடு நெருக்கமாக வேலை பார்த்த ஒருவரிடமிருந்து வந்த எச்சரிக்கை அது.

ஏடிஐயின் பதில்

அதே வருஷம் ஜூலையில் கனடா நாட்டுக் கம்பெனியான ஏடிஐ ரேடியான் 9000-ஐ அறிவித்தது. விலை 109 டாலர். எம்எக்ஸ் 440 பிப்ரவரியில் 149 டாலருக்கு அறிவிக்கப்பட்டது. ரேடியான் வரும்போது அதன் விலையும் இறங்கியிருந்தது. ஆக ரெண்டும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன.

உள்ளே என்ன இருக்குன்னு பார்ப்போம். எம்எக்ஸ் 440-ன் சிப் 270 மெகாஹெர்ட்ஸ், ரேடியான் 9000-ன் சிப் 250. ஒரு நொடியில் மெமரியோடு கொடுத்து வாங்கக்கூடிய தரவு ரெண்டிலும் 6.4 ஜிபி. வேகத்தில் கிட்டத்தட்ட சமபலம்.

வித்தியாசம் டிரான்சிஸ்டர் எண்ணிக்கையில் இருக்கிறது. எம்எக்ஸ் சிப்பில் சுமார் 2.9 கோடி. ரேடியான் 9000-ல் சுமார் 3.6 கோடி. ஷேடர் உள்ள ஜிஃபோர்ஸ்3-ல் 5.7 கோடி. இந்த மூன்று எண்ணையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் எனக்கு விஷயம் விளங்கியது. டிரான்சிஸ்டர் கூடினால் சிப் பெரிதாகும், செலவு கூடும். அதனால் மலிவுக் கார்டில் ஷேடர் வைக்கக் கட்டுப்படியாகாது என்பது என்விடியாவின் பக்க நியாயம். ஏடிஐ அதே விலை வட்டத்துக்குள் 3.6 கோடியில் ஷேடரை அடக்கிக் காட்டியது. ஆக அது இயற்கை விதி கிடையாது. ஒரு கம்பெனி எடுத்த முடிவு.

ஏடிஐ ஒன்றும் புத்தர் இல்லை. ரேடியான் 9000 என்று பெயர் வைத்தார்களே, அது அதற்கு முந்தைய ரேடியான் 8500-ஐவிட வேகம் குறைந்த கார்டு. எண் பெரிசு, வேலை சிறிசு. அதே தலைமுறைச் சிப்பை 2003-ல் ரேடியான் 9200 என்றும் விற்றார்கள். பக்கத்து வீட்டு 9500, 9700 எல்லாம் டைரக்ட்எக்ஸ் 9. இது மட்டும் 8.1. பெயர் விளையாட்டை ரெண்டு பேருமே ஆடினார்கள். ஆனால் ஒருவரின் கார்டில் ஷேடர் இருந்தது, மற்றவரின் கார்டில் இல்லை.

அன்றைக்கு எதை வாங்கியிருப்பீங்க?

இப்ப நீங்க 2002-ல் இருக்கீங்க. கையில் ஒரு கார்டுக்கான காசுதான் இருக்கு. எதை வாங்குவீங்க?

எம்எக்ஸ் வாங்கியவர்களை ஏமாளிகள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களிடம் நல்ல காரணங்கள் இருந்தன. அன்று ஏடிஐயின் டிரைவர் மென்பொருளுக்கு நல்ல பெயர் கிடையாது. அதற்கு முந்தைய வருஷம்தான் ஒரு சர்ச்சை வெடித்திருந்தது. குவேக் 3 கேமின் பெயரைக் கண்டால் ரேடியான் 8500-ன் டிரைவர் படத்தின் தரத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டிக் காட்டியது. விமர்சகர்கள் கேம் ஃபைலில் அந்தப் பெயர் இருந்த இடத்தை எல்லாம் "குவேக்"கிலிருந்து "குவாக்" என்று மாற்றி ஓட்டினார்கள். வேகம் குறைந்தது, குட்டு உடைந்தது. என்விடியாவின் டிரைவர் நம்பகமானது என்ற பேச்சு எங்கும் இருந்தது. ஆடுகிற கேமில் ரெண்டு கார்டும் சமமாக ஓடும்போது தொந்தரவு கொடுக்காததை வாங்குவதுதானே புத்திசாலித்தனம்?

நம்ம ஊர்ச் சூழலையும் சேர்த்துப் பாருங்க. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்வதுதான் அன்றைய வழக்கம். இணையம் பெரும்பாலும் பிரௌசிங் சென்டரில், மணிக்கணக்கில் காசு கொடுத்து. ஆங்கில ரிவ்யூ இருபது பக்கம் படித்துவிட்டு யாரும் கடைக்குப் போகவில்லை. கேட்ட கேள்வி ஒன்றுதான்: "கார்டு எத்தனை எம்பி?"

அந்தக் கேள்வியிலும் ஒரு குழி இருந்தது. எம்எக்ஸ் 440-க்குக் கீழே எம்எக்ஸ் 420 என்று ஒன்று. அதிலும் 64 எம்பி, இதிலும் 64 எம்பி. ஆனால் 420-ல் இருந்தது பழைய எஸ்டிஆர் மெமரி. நொடிக்கு சுமார் 2.7 ஜிபிதான் கடத்தும். 440-ல் 6.4.

கல்யாணப் பந்தியை நினைச்சுக்கோங்க. அடுக்களையில் சாம்பார் அண்டா எவ்வளவு பெரிசு என்பதுதான் எம்பி கணக்கு. பரிமாற எத்தனை பேர் நிற்கிறார்கள், எவ்வளவு சுறுசுறுப்பாக ஓடுகிறார்கள் என்பது இந்த ஜிபி கணக்கு. அண்டா நிறைய சாம்பார் இருந்தும் பரிமாற ஆள் இல்லையென்றால் இலையில் உட்கார்ந்தவர் வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கிராஃபிக்ஸ் கார்டுக்கு இது இன்னும் முக்கியம். ஏனென்றால் ஒவ்வொரு படத்துக்கும் லட்சக்கணக்கான பிக்சல்களை மெமரியில் எழுதி, திரும்பப் படித்து, மறுபடி எழுதிக்கொண்டே இருக்கும்.

கேம்கள் சொன்ன தீர்ப்பு

2003 டிசம்பரில் டியூஸ் எக்ஸ்: இன்விசிபிள் வார் வந்தது. பிக்சல் ஷேடர் கட்டாயம். எம்எக்ஸ் கார்டில் ஓடாது. 2004-ல் தீஃப்: டெட்லி ஷேடோஸ். அதே எஞ்சின் வழி வந்தது, அதே நிபந்தனை. ஜிஃபோர்ஸ்3 வைத்திருந்தவர் ஆடலாம். "ஜிஃபோர்ஸ்4" வைத்திருந்தவர் ஆட முடியாது. பெட்டியில் இருந்த எண்ணை நம்பி வாங்கிய ஒருவருக்கு இதை எப்படி விளக்குவீங்க?

2004 நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2. வால்வ் கம்பெனி பழைய கார்டுகளுக்கும் வழி வைத்திருந்தது. எம்எக்ஸில் டைரக்ட்எக்ஸ் 7 பாதையில் ஓடும். ஆனால் அந்தக் கேமின் பெருமையான தண்ணீர் அதில் சப்பென்று இருக்கும். ரேடியான் 9000-ல் 8.1 பாதை, தண்ணீர் தண்ணீராகவே தெரியும்.

டூம் 3 கதைதான் சுவாரசியம். 2004 ஆகஸ்டில் வந்தபோது அது எம்எக்ஸிலும் ஓடியது. வாங்காதீர்கள் என்று சொன்ன அதே கார்மாக், வாங்கிவிட்டவர்களுக்காகத் தனியாக ஒரு வழி எழுதி வைத்திருந்தார். ஆனால் ஒரு விளக்கின் ஒளியைச் சுவரில் காட்ட எம்எக்ஸ் அதே காட்சியைப் பல தடவை வரைய வேண்டியிருந்தது. ரேடியான் 8500, 9000 குடும்பம் அதை ஒரே தடவையில் முடித்தது. 2002-ல் சமமாக ஓடிய கார்டுகளுக்கு நடுவே ரெண்டு வருஷத்தில் இப்படி ஒரு பள்ளம்.

என்விடியாவும் பாடம் படித்தது. 2003-ல் வந்த அதன் மலிவுக் கார்டு ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5200. டைரக்ட்எக்ஸ் 9 வசதி முழுசாக உண்டு. ஆனால் அந்த வசதியை இயக்கும் வலு கிடையாது. ஹாஃப்-லைஃப் 2 அதைப் பார்த்ததும் தானாகவே டைரக்ட்எக்ஸ் 8 பாதைக்கு இறக்கிவிடும். முதலில் வித்தை தெரியாத கார்டு, அடுத்து வித்தை தெரிந்தும் செய்யத் தெம்பு இல்லாத கார்டு.

நம்ம ரெண்டு கார்டும் ஒரே நாளில் ஓய்வு பெற்றன என்று சொல்லலாம். 2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா விற்பனைக்கு வந்தது. அதன் கண்ணாடி மாதிரியான ஏரோ தோற்றத்துக்கு டைரக்ட்எக்ஸ் 9 தரத்து ஷேடர் வேண்டும். எம்எக்ஸ் 440-லும் இல்லை, ரேடியான் 9000-லும் இல்லை.

பெயர் மாறவே இல்லை

சரி, பழங்கதை முடிந்ததா? 2017-க்கு வாங்க.

அந்த வருஷம் மே மாதம் என்விடியா ஜிடி 1030 என்ற மலிவுக் கார்டை வெளியிட்டது. ஜிடிடிஆர்5 மெமரி, நொடிக்கு 48 ஜிபி. 2018-ல் அதே ஜிடி 1030 என்ற பெயரில் இன்னொரு கார்டு. சாதாரண டிடிஆர்4 மெமரி, நொடிக்கு 16.8 ஜிபி. சிப் ஒன்று, பெயர் ஒன்று, ரெண்டிலும் 2 ஜிபி மெமரி. பரிமாறும் ஆட்களில் மூன்றில் ரெண்டு பங்கைக் காணோம்!

ஏடிஐயை 2006-ல் வாங்கிய ஏஎம்டி பக்கமும் பார்த்துவிடலாம். 2017-ல் ரேடியான் ஆர்எக்ஸ் 560 என்ற பெயரில் 1024 ஷேடர் கார்டும் 896 ஷேடர் கார்டும் கடைகளில் கலந்து கிடந்தன. விஷயம் வெளியே வந்த பிறகுதான் கம்பெனி விளக்கம் கொடுத்தது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050-ஐ எடுத்துக்கோங்க. 2022-ல் வந்த 8 ஜிபி கார்டில் 2560 கோர்கள், நொடிக்கு 224 ஜிபி. 2024-ல் வந்த 6 ஜிபி கார்டில் 2304 கோர்கள், 168 ஜிபி. மெமரி மட்டும்தான் குறைவு என்று நினைத்து வாங்கினால் கோரும் குறைவு.

இப்ப இதோடு ஒரு சம்பவத்தை வைத்துப் பாருங்க. 2022 செப்டம்பரில் என்விடியா ஆர்டிஎக்ஸ் 4080 என்ற பெயரில் ரெண்டு கார்டுகளை அறிவித்தது: 16 ஜிபி, 12 ஜிபி. 12 ஜிபி கார்டின் விலை 899 டாலர். உள்ளே இருந்தது வேறு, சின்ன சிப். விமர்சகர்களும் வாடிக்கையாளர்களும் கொதித்தார்கள். அக்டோபர் 14-ஆம் தேதி என்விடியா அந்த அறிவிப்பையே திரும்பப் பெற்றது. பெயர் சரியாக வைக்கப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. 2023 ஜனவரியில் அதே கார்டு ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ என்ற பெயரில் வந்தது.

899 டாலர் கார்டில் பெயர் தப்பு என்றால் ஒரே மாதத்தில் திருத்திவிடுகிறார்கள். ஜிஃபோர்ஸ்4 எம்எக்ஸ் பெயரை யாரும் திருத்தவில்லை. ஜிடி 1030-ஐயும் திருத்தவில்லை.

ஏன் என்று யோசித்தேன். விலை கூடிய கார்டு வாங்குபவர் பத்து ரிவ்யூ பார்ப்பார், வீடியோ போடுவார், சண்டை போடுவார். மலிவுக் கார்டு வாங்குபவர் பெரும்பாலும் முதல் தடவை வாங்குகிறவர். பழைய கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுக்கப் பார்க்கும் காலேஜ் பையன், எடிட்டிங் கற்றுக்கொள்ள ஆசைப்படும் பொண்ணு, பிள்ளைக்கு வாங்கித் தரும் அப்பா. அவர்களுக்குப் பெட்டியில் உள்ள பெயர்தான் ஒரே தகவல். தப்பு வாங்கிவிட்டால் அடுத்த வருஷம் மாற்ற அவர்களிடம் காசும் இருக்காது. பெயரை நம்ப வேண்டிய கட்டாயம் யாருக்கு அதிகமோ, அவர்களுக்கான பெட்டியில்தான் பெயர் இவ்வளவு தளர்வாக ஒட்டப்படுகிறது.

அதனால் மலிவுக் கார்டு வாங்கப் போகிறவர்கள் மூன்று கேள்வி கேளுங்க. ஒன்று, உள்ளே எந்தச் சிப், எத்தனை கோர்? ரெண்டு, மெமரி எந்த வகை, நொடிக்கு எத்தனை ஜிபி? மூணு, அடுத்த ரெண்டு மூணு வருஷத்தில் நான் ஓட்ட நினைக்கும் மென்பொருள் கேட்கும் வசதி இதில் இருக்கா? இந்த மூணுக்கும் பதில் கம்பெனியின் விவரப் பட்டியலில் கிடைக்கும். பெட்டியின் முன்பக்கத்தில் கிடைக்காது. கடைக்காரர் எத்தனை ஜிபி கார்டு வேணும்னு கேட்டால், பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்க.

உங்க கம்ப்யூட்டரில் இப்ப இருக்கும் கார்டில் இந்த மூணுக்கும் என்ன பதில் என்று பார்த்து எழுதி அனுப்புங்க. பெயரும் உள்ளே இருப்பதும் பொருந்தாத கார்டு எத்தனை பேரிடம் இருக்கு என்று அடுத்த எபிசோடின் தொடக்கத்தில் வாசிக்கிறேன்.